ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் எம்எம்ஏ பிடிச்சண்டைக்காரரை வெல்ல முடியுமா?

முடியும், ஆனால் இருவரும் நிற்கும் வரைக்கும்தான். எம்எம்ஏ என்பது குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த சண்டைப் போட்டி. பிடிச்சண்டைக்காரர் என்பவர் அடிப்பதைவிட, எதிராளியைப் பிடித்து, தரையில் சாய்த்து, கழுத்தையோ கையையோ மடக்கிப் பணிய வைப்பவர்.

குத்தின் பலம் கையில் இல்லை. பாதம் தரையை உந்த, இடுப்பு திரும்ப, அது தோள் வழியாக முஷ்டிக்கு வருகிறது. மல்லாந்து கிடப்பவருக்கு அந்த ஊன்றுகோலே இல்லை. கபடியில் பாடிப் போனவரின் கணுக்காலை ஒருவர் பிடித்துவிட்டால் என்ன ஆகும்? எவ்வளவு பலசாலியானாலும் ஆள் விழுவார். இன்னொன்று, குத்துச்சண்டையில் கட்டிப்பிடித்தால் நடுவர் பிரித்து விடுவார். எம்எம்ஏவில் அந்தப் பிடியிலிருந்துதான் சண்டையே தொடங்குகிறது.

2010 ஆகஸ்டில் பாஸ்டனில் இதைக் கண்ணால் பார்த்தோம். குத்துச்சண்டையில் பல எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற ஜேம்ஸ் டோனி, 47 வயது எம்எம்ஏ பிடிச்சண்டைக்காரர் ராண்டி கூட்யூருடன் எம்எம்ஏ விதிப்படி மோதினார். கூட்யூர் சட்டெனக் குனிந்து கணுக்காலைப் பிடித்து இழுத்தார், டோனி விழுந்தார். பிறகு கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்து வளைத்து நெரிக்க, முதல் சுற்றிலேயே டோனி தோல்வியை ஒப்புக்கொண்டார். அவ்வளவு அருமையான குத்துகளில் ஒன்றுக்குக்கூட அங்கே வேலை இல்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அதற்காகக் குத்துச்சண்டையே எம்எம்ஏவில் உதவாது என்று பலர் சொல்வது தவறு: 2009-இல் முன்னாள் ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் ரே மெர்சர், யுஎஃப்சி என்ற எம்எம்ஏ போட்டி அமைப்பின் முன்னாள் சாம்பியன் டிம் சில்வியாவை எம்எம்ஏ விதிப்படியே 9 விநாடியில் ஒரே குத்தில் சாய்த்தார்.