ஸ்டுடியோ கோட்டு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

நான் ஓவியர். கல்லூரி முடித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மூன்று மாத ரெசிடென்சி ஒன்றுக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். தேர்வானால் தங்குமிடமும் தனி ஸ்டுடியோவும் உதவித்தொகையும் உண்டு. 'உங்கள் அடையாளத்தையும் மரபையும் இங்கே எப்படி ஆராயப் போகிறீர்கள்' என்று 500 சொற்களில் எழுதித் தரச் சொல்கிறார்கள். நான் வரைவது பெரும்பாலும் அரூப ஓவியங்கள், ஆளோ பொருளோ அடையாளம் தெரியாத வண்ணமும் வடிவமும். பாட்டி விட்டுச் சென்ற துணிகளை வைத்து ஏதாவது செய்யப்போவதாக எழுதலாமா? அது பொய்யாகிவிடுமா? எழுதாவிட்டால் இடம் கிடைக்குமா? பெரிய இடங்களுக்கு முயல்வதா, சிறியவை போதுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பெரிய இடமா சிறிய இடமா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்ள எங்கே விடுகிறார்களோ அங்கே போங்கள். இடம் கிடைக்குமா என்பது தேர்வுக்குழுவின் அன்றைய மனநிலை. அதையும் விடுங்கள்.

பாட்டியின் துணிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தத் துணி என்ன நிறம் என்றுகூட நீங்கள் எழுதவில்லை. ஓவியர் நீங்கள்! உங்களுக்கு அந்தத் துணி மேல் ஒரு ஆசையும் இல்லை. விண்ணப்பத்துக்கு ஒரு பாட்டி தேவைப்படுகிறார், அவ்வளவுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் தாத்தாவை வைத்து இதையே செய்தவன்.

அதற்கு முன் ஒன்று. அரூபம் வரைகிறவர் என்பதற்காக நீங்கள் ஏன் கூசுகிறீர்கள்? நியூயார்க்கின் ஹார்லெமில் ஸ்டுடியோ மியூசியம் இருக்கிறது. ஆப்பிரிக்க வம்சாவளிக் கலைஞர்களுக்காக 1968-இல், ஒரு மதுக்கடைக்கு மேல்மாடியில் தொடங்கியது. படம் மாட்டினால் போதாது, கலைஞர்கள் அங்கேயே வேலை செய்ய அறை வேண்டும் என்று வற்புறுத்தியவர் வில்லியம் டி. வில்லியம்ஸ். பெயரில் உள்ள 'ஸ்டுடியோ' அப்படி வந்தது. அவர் யார் தெரியுமா? முழுக்க அரூப ஓவியர். ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனை நினைத்து 1969-இல் அவர் வரைந்த 'டிரேன்' படத்தில் ஆளும் இல்லை, சாக்ஸபோனும் இல்லை. ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் வண்ணப் பட்டைகள் மட்டும். அந்த மியூசியத்தின் முதல் கண்காட்சியே டாம் லாயிட் செய்த, பல்புகள் எரிந்து அணையும் சிற்பங்கள்தான். 'இதில் நாங்கள் எங்கே இருக்கிறோம்' என்று பார்க்க வந்த கறுப்பின மக்களில் சிலர் அன்றைக்கே முகம் சுளித்தார்கள். உங்கள் விண்ணப்பத்தில் இருக்கும் கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது.

அந்த மியூசியம் நடத்தும் ரெசிடென்சிக்கு 2001-இல் கெஹிண்டே வைலி என்ற ஓவியர் வந்தார். ஒரு நாள் தெருவில் ஒரு தாள் கசங்கிக் கிடந்தது. போலீஸ் எடுத்த ஒரு கறுப்பின இளைஞனின் படம், கூடவே அவன் பெயரும் விவரமும். வைலி அதை எடுத்து வைத்துக்கொண்டார். பிரபுக்கள் தாங்கள் விரும்பியபடி நின்று வரைய வைத்த பழைய ஓவியங்கள் ஒரு பக்கம், எப்படி நிற்பது என்று சொல்ல உரிமையே இல்லாத இவன் ஒரு பக்கம். அவருடைய பிற்கால ஓவியங்கள் அங்கிருந்து கிளம்பியவை. அவர் வரைந்து 2018-இல் திறந்துவைக்கப்பட்ட ஒபாமா ஓவியம்கூட அந்த வழியில் வந்ததுதான். அந்தத் தாளைப் பற்றி எந்த விண்ணப்பத்தில் முன்கூட்டியே எழுதியிருக்க முடியும்?

சரி, என் கதை. நான் எழுத வருமுன் வரைந்துகொண்டிருந்தேன். இரண்டு மாத ரெசிடென்சி ஒன்று கிடைத்தது. 'என் முன்னோரின் கம்பீரத்தை மீட்டெடுப்பேன்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். இப்போது படித்தால் காது சுடுகிறது. தாத்தா, அவர் தம்பி, அவர் மைத்துனர் என மூன்று பழைய புகைப்படங்களை எடுத்துப் போனேன். ஆளுயரத் தாளில் கரியால் வரைந்தேன். ஐந்து வாரம். வந்தவர்கள் எல்லாம் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

ஒரு மாலை பக்கத்து அறைச் சிற்பி டேப் கேட்டு வந்தார். கை முழுக்கக் களிமண். புகைப்படங்களின் முன்னால் நின்றவர், "மூன்று பேருக்கும் ஒரே கோட்டா?" என்றார்.

குனிந்து பார்த்தேன். மூன்றிலும் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. தாத்தாவுக்குக் கை நீளம் விரல்வரை வந்திருந்தது. தம்பிக்குத் தோளில் இறுக்கிப் பிடித்தது. அது போட்டோ ஸ்டுடியோக்காரர் படம் எடுக்க வருகிறவர்களுக்காக ஆணியில் மாட்டி வைத்திருந்த கோட்டு! அப்புறம் என் ஓவியங்களைத் திரும்பிப் பார்த்தேன். மூன்றிலும் அந்தப் பொத்தானை நான் வரைந்து வைத்திருந்தேன். கண்ணெதிரே இல்லாத பொத்தானை ஐந்து வாரம் கவனமாக நிழல் போட்டு வரைந்திருக்கிறேன். கம்பீரம் என்று எழுதிக் கொடுத்தாயிற்று, பொத்தான் இல்லாமல் எப்படி?

நான் சொல்வது இதுதான், எஸ். விளக்கத்தை முதலில் எழுதிவிட்டால் கை அந்த விளக்கத்துக்குத்தான் வேலை செய்யும். கண் பார்க்காது. ஒரு பழைய துணியை மேசையில் விரித்து, எங்கே கிழிந்திருக்கிறது, யார் தைத்தார்கள், தையல் ஏன் கோணலாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க உங்களால் ஒரு வாரம் முடியுமா? முடியும் என்றால் துணியை எடுத்துப் போங்கள். முடியாது என்றால் பாட்டியைத் தூங்க விடுங்கள்.

அந்த ரெசிடென்சியில், செய்த வேலையை வெளியாட்களுக்குத் திறந்து காட்டும் ஓப்பன் ஸ்டுடியோவுக்குப் பத்து நாள் இருந்தது. கோட்டை மட்டும் வரைகிறேன், ஆளே வேண்டாம் என்றேன். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்றார் பொறுப்பாளர். நானும் சண்டை போடவில்லை. மூன்று கம்பீரமான ஆண்களை மாட்டினேன். நல்ல பாராட்டு. சிற்பி மட்டும் என்னைப் பார்க்காமல் போனார்.

உங்கள் 500 சொற்களில் இப்போது செய்துகொண்டிருக்கும் வேலையைப் பற்றி எழுதுங்கள், அந்த அரூபங்களைப் பற்றி. அது போதாது என்று அவர்கள் சொன்னால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து திட்டலாம். கடைசித் தேதி என்றைக்கு என்று நீங்கள் சொல்லவே இல்லையே?