பறவைக் குரல் பாக்கெட்டில்

கேள்வி: பறவைக் குரல்களைப் பழைய எம்பி3 பிளேயரில் ஏற்றி, சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்குக் கொண்டுபோகலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: தாராளமாக. பறவைக் குரல் பதிவுகளைப் பகிரும் ஸெனோ-கான்டோ (xeno-canto) இணையத்தளத்தில் பறவையின் அறிவியல் பெயரைத் தேடுங்கள். பெரும்பாலும் எம்பி3 கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். அப்புறம் கேபிளில் இணைத்து நகலெடுத்தால் சரி. கோப்பின் பெயரை ஆங்கில எழுத்திலேயே விடுங்கள். சில பழைய பிளேயர்கள் தமிழைக் காட்டாது. 'பாட்டு' (இணையைக் கவரவும் எல்லையைக் காக்கவும் பாடுவது), 'அழைப்பு' (மற்ற நேரங்களில் எழுப்பும் குறுங்குரல்) இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டில் நான் அதிகம் கேட்பது அழைப்பைத்தான்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: உபினில் ஸ்பீக்கரில் போடாதீர்கள். அங்குள்ள வைக்கோல் நிறத் தலைச் சின்னான், இனிய குரலுக்காகவே பிடித்து விற்கப்பட்டு, உலகளவில் அழிவின் விளிம்புக்கு வந்த பறவை. பதிவைக் கேட்டால், தன் எல்லைக்குள் போட்டிப் பறவை நுழைந்ததாக நினைத்து, இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு வரக்கூடும். இயர்ஃபோனில் மட்டும் கேளுங்கள்.