மஞ்சிட்டிச் சிவப்பும் புழுதிக் காக்கியும்: ராணுவ உடுப்பு பற்றி வாசகர் கேள்விகள்

குண்டு பாயும் களத்தில் ரத்தச் சிவப்பில் கோட்டுப் போட்டு நின்றார்களே வெள்ளைக்காரச் சிப்பாய்கள், அது எந்த ஊர் புத்திசாலித்தனம்?
- மதுரை வாசகர்

அந்தக் காலத்துக்கு அது சரியான புத்திதான். கருமருந்து வெடித்தால் புகை மண்டிவிடும். நாலு வேட்டுப் போட்டதும் பக்கத்து அணியே மங்கலாகத்தான் தெரியும். மஸ்கட் துப்பாக்கியால் 100 மீட்டருக்கு அப்பால் ஒற்றை ஆளைக் குறிபார்த்து வீழ்த்துவதும் அபூர்வம். ஆகவே ஒளிவதைவிட, நம்மவன் எங்கே நிற்கிறான் என்று தளபதிக்குத் தெரிவது முக்கியமாக இருந்தது. 1645-இல் இங்கிலாந்தின் நாடாளுமன்றத் தரப்பு திரட்டிய புதுப் படை சிவப்பை எடுத்துக்கொண்டது. நம்மூர் மஞ்சிட்டிக்குச் சொந்தக்காரச் செடியின் வேர்தான் சிப்பாய்க்குச் சாயம். வெயிலில் செங்கல் நிறத்துக்கு மங்கும். அதிகாரியின் கோட்டு கொச்சினீல் பூச்சிச் சாயத்தில் முக்கியது, பளீரென்று நிற்கும்.

இந்தக் கணக்கைக் கெடுத்தது 1884-இல் பிரான்சில் பால் வியேய் கண்டுபிடித்த புகையில்லா வெடிமருந்து. புகைத்திரை போனதும் சிவப்புக் கோட்டு இலக்குப் பலகையாகிவிட்டது. காக்கி அதற்கு முன்பே பெஷாவரில் பிறந்திருந்தது. 1846-இல் அங்கே திரட்டப்பட்ட 'கைட்ஸ்' என்ற எல்லைப் படைக்கு, அதைத் திரட்டிய ஆங்கிலேய அதிகாரி லம்ஸ்டன் கொடுத்த புழுதி நிறம் அது. 'காக்' என்றால் பாரசீகத்தில் புழுதி. 1857 சிப்பாய்க் கிளர்ச்சியின்போது மற்ற படைகள் வெள்ளை உடுப்பைத் தேயிலை, காப்பி என்று கையில் கிடைத்ததில் எல்லாம் முக்கின. ஆளுக்கொரு நிறம், சலவைக்குச் சலவை வேறு நிறம்! இரும்பும் குரோமியமும் சேர்ந்த சாயத்துக்கு 1884-இல் காட்டி என்பவர் காப்புரிமை வாங்கிய பிறகுதான் காக்கி சோப்புக்கும் வெயிலுக்கும் அசையாமல் நின்றது.

உங்களுக்குப் பிடித்த ராணுவ உடை எது?
- கோவை வாசகி

1915-இன் பிரெஞ்சுக் காலாட்படை உடை. 'அடிவான நீலம்' என்று அதற்குப் பெயர். நிறத்தைவிட அது வந்த கதை ருசியானது.

1829 முதல் பிரெஞ்சுச் சிப்பாய்க்குச் சிவப்புக் கால்சட்டை. அதுவும் வேர்ச் சாயம்தான். 1868-இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் அதே சாயப்பொருளான அலிசரினை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்துவிட்டார்கள். வேர் பயிரிட்டவர்கள் நொடித்துப் போனார்கள். 'பிரான்சின் பெருமை' என்று மேடையில் முழங்கிய சிவப்பு ஜெர்மன் ஆலையிலிருந்து வர ஆரம்பித்தது. 1914 ஜூலையில் நீலம், வெள்ளை, சிவப்பு நூல்களைக் கலந்து மங்கலான துணி நெய்ய முடிவானது. ஆகஸ்டில் போர் மூண்டது. சிவப்புச் சாயம் எதிரி கையில்! சிவப்பு நூலை விட்டுவிட்டு நெய்தார்கள். மிஞ்சிய நீலமும் வெள்ளையும் சேர்ந்ததுதான் அந்த அடிவானம். அவசரத் தயாரிப்பு என்பதால் ஒரு கட்டுத் துணி போல இன்னொன்று இருக்காது. அருங்காட்சியகத்தில் சாம்பலாகவும் வெளிர்நீலமாகவும் கோட்டுகளைப் பார்த்தால் போலி என்று நினைத்துவிடாதீர்கள்.

நீளக் கோட்டின் முன்முனை இரண்டையும் பின்னால் மடித்துப் பொத்தான் போட்டுக்கொள்ளலாம். நடையில் முழங்காலைத் தடுக்காது. தலையில் 0.7 மில்லிமீட்டர் எஃகில் ஏட்ரியன் கவசம். உச்சியில் சேவற்கொண்டை போல ஓடும் தகடு அதன் அடையாளம். முதலில் பளபளப்பாக வண்ணம் பூசி, வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுக்கிறது என்று பிறகு மங்கல் பூச்சுக்கு மாறினார்கள்.

வேலூர்ப் புரட்சிக்குத் தலைப்பாகைதான் காரணமா?
- ஆம்பூர் வாசகர்

காரணங்களில் ஒன்று, ஆனால் திரி கொளுத்தியது அதுதான். 1805 நவம்பரில் சென்னைப் படைத்தளபதி கிரடாக் காலத்தில் வந்த உத்தரவு அது. அணிவகுப்பில் நெற்றிக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி மழிக்க வேண்டும், மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும். புதுத் தலைப்பாகை பார்வைக்கு வெள்ளைக்காரன் தொப்பி போலிருந்தது. அதில் தோல் குஞ்சம் வேறு. மாட்டுத்தோலா பன்றித்தோலா என்ற சந்தேகம் இந்து, முஸ்லிம் இருவரையும் ஒரே இடத்தில் சுட்டது. திப்புவின் பிள்ளைகள் அதே கோட்டைக்குள் காவலில் இருந்தார்கள். 1806 ஜூலை 10 விடியுமுன் துப்பாக்கி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து அன்றே கோட்டையை மீட்டது. உத்தரவு ரத்தானது, கிரடாக்கையும் ஆளுநர் பெண்டிங்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது.

கல்லூரி நாடகத்தில் முதல் உலகப்போர்ச் சிப்பாய் வேடம். காலில் சுற்றும் பட்டீஸ் முதல் காட்சியிலேயே அவிழ்ந்து விழுகிறது. என்ன செய்வது?
- பாளையங்கோட்டை மாணவர்

பருத்தித் துணியில் கட்டுகிறீர்கள் என்று நினைக்கிறோம். பருத்தி வழுக்கும், கம்பளிதான் ஒன்றையொன்று பிடிக்கும். பழைய மெல்லிய கம்பளியில் 10 சென்டிமீட்டர் அகலம், 2.7 மீட்டர் நீளத்துக்கு இரண்டு பட்டை எடுங்கள். தையற்காரரிடம் 'கிராஸில் வெட்டுங்கள்', அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டுங்கள் என்று சொல்லுங்கள். அப்போதுதான் கெண்டைக்கால் வளைவுக்குத் துணி இழுத்துக் கொடுக்கும். ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டாம், தடித்துப்போய் இடைவெளி விடும். ஒரு முனையில் மட்டும் நாடா.

நாடா உள்ளே போகும்படி முதலில் பட்டையைச் சுருட்டிக்கொள்ளுங்கள். பூட்ஸின் மேல்விளிம்பை மூடி, கணுக்காலில் இரண்டு சுற்று. பிறகு ஒவ்வொரு சுற்றும் முந்தியதில் பாதியை மூடியபடி மேலே ஏற வேண்டும். நேர் வெட்டுத் துணி என்றால் கெண்டைக்காலில் கீழ்விளிம்பு வாய் பிளக்கும். அங்கே முன்பக்கம் ஒருமுறை திருப்பி மடக்கிச் சுற்றினால் படிந்துவிடும். முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிறுத்தி, நாடாவைக் கடைசிச் சுற்றின்மேல் கட்டி, நுனியை வெளிப்பக்கம் செருகுங்கள். இறுக்கிவிடாதீர்கள். நடக்க நடக்கக் கெண்டைக்கால் புடைக்கும். கம்பளி நனைந்தால் சுருங்கும். பதுங்குகுழியில் பாதம் அழுகியதற்கு இறுக்கிய பட்டீஸும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. குதிரைவீரன் வேடமென்றால் எல்லாம் தலைகீழ்: முழங்காலில் தொடங்கிக் கணுக்காலில் நாடா.

இன்றைய ராணுவ உடுப்பில் வேடமென்றால் ஒரு எச்சரிக்கை. சிப்பாய் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு ராணுவ உடையில் நடமாடினால் பாரதிய நியாய சன்ஹிதா 168-ஆம் பிரிவு பாயும். 3 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேடையோடு மாற்றிக்கொள்ளுங்கள்.

தாத்தாவின் 1940-களின் கம்பளிச் சீருடை பெட்டியில் இருக்கிறது. பூச்சி அரிக்காமல் எப்படி வைப்பது?
- தஞ்சை வாசகி

துவைக்காதீர்கள். பித்தளைப் பொத்தானை பிராஸோ பாலிஷ் போட்டுத் தேய்த்தால் துணியில் வெள்ளைக் கறை இறங்கும். தேய்த்தே ஆகவேண்டுமானால் அட்டையில் பிளவு வெட்டி, பொத்தானை அதன் வழியே வெளியே எடுத்துத் தேயுங்கள். தோல் பெல்ட்டையும் பித்தளையையும் ஒன்றாக வைத்தால் பச்சைக் களிம்பு பூக்கும், பிரித்து வையுங்கள்.

அந்து இருப்பதாகச் சந்தேகம் வந்தால் உடுப்பைக் காற்று நீக்கிய பிளாஸ்டிக் பையில் கட்டி, −18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் வெளியே கிடந்து சூடு ஏறட்டும், இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும். பிறகு கஞ்சி போடாத பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். கஞ்சி இருந்தால் அதைத் தேடிப் பூச்சி வரும். அந்துருண்டையைத் தனிப் பொட்டலமாகக் கட்டிப் பெட்டியின் மூலையில் போடுங்கள். கூடவே கற்பூரத்தையும் போட்டுவிடாதீர்கள்: இரண்டும் சேர்ந்தால் நம்மூர் வெயிலில் நீராக உருகித் துணியில் இறங்கிவிடும்.