வண்டு வந்த வருஷம்

அன்புள்ள அக்கா,

நான் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் இருக்கிறேன். நானும் இரண்டு நண்பர்களும் ஒரு வருடமாக எங்கள் ஊரைப் பற்றிச் சிறிய ஆவணப்படங்கள் எடுத்து வருகிறோம். ரயில் நிலையக் காப்பிக்கடை, லம்பாக் மலை, கோயில் திருவிழா என்று மூன்று முடித்துவிட்டோம். அடுத்து என் பாட்டி இருந்த தோட்டத்தை எடுக்க ஆசை. ஆனால் அங்கே எடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கே புரியவில்லை. ரப்பரை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) போட்டு ரொம்ப காலம் ஆகிவிட்டது. நம்மவர்கள் எல்லோரும் தாமான்களுக்கு, அதாவது ஊர்க் குடியிருப்புகளுக்கு, வந்துவிட்டார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இப்போது வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள்.

பாட்டியைக் கேட்டால், "என் கதையில என்னடா இருக்கு? பனம்பூவுக்குத் தூள் அடிச்சேன். அப்புறம் வண்டு வந்துச்சு, அந்த வேலை போச்சு. வேற வேலை குடுத்தாங்க" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார். ஜப்பானியர் காலத்தில் நம்மவர்களைக் கொண்டுபோய்ப் போட்ட சயாம் மரண ரயில் பாதையை எடுப்போம், அதில்தான் கனம் இருக்கிறது என்கிறார்கள் நண்பர்கள். தலைவர் யாரும் பிறக்காத, சண்டை எதுவும் நடக்காத ஒரு தோட்டத்தை யார் பார்ப்பார்கள்? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

குளுவாங்கிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் பாட்டி சொன்ன அந்த நாலு வரியை மூன்று தடவை படித்தேன். "வண்டு வந்துச்சு, அந்த வேலை போச்சு." படம் அங்கேதான் இருக்கிறது. உங்கள் கையிலேயே இருக்கிறது.

அது என்ன வண்டு என்று பாட்டியிடம் கேட்டீர்களா? செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். இங்கே அதைத் தோட்டமாகப் போட ஆரம்பித்தது 1917இல், கோலசிலாங்கூர் பக்கம். (அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். நம் சொல்லையே வைத்திருக்கிறார்கள், படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.) மரத்தைக் கொண்டுவந்தார்கள், அந்த மரத்தோடு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த வண்டு வரவில்லை. செம்பனையில் ஆண் பூங்குலை வேறு, பெண் பூங்குலை வேறு. காற்றே மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்று ரொம்ப காலம் நம்பியிருந்தார்கள். காய்ப்பு சரியாக இல்லாத தோட்டங்களில் ஆளை வைத்து மகரந்தம் அடித்தார்கள். மகரந்தத்தோடு முகப்பவுடர் மாதிரியான ஒரு தூளைக் கலந்து, மரம் மரமாகப் போய்ப் பூவின் மேல் ஊதிவிடும் வேலை. உங்கள் பாட்டி "தூள் அடிச்சேன்" என்கிறாரே, அது இதுதான். ஆப்பிரிக்காவில் ஒரு பூச்சி செய்துகொண்டிருந்த வேலையை இங்கே நம் பெண்கள் கையால் செய்திருக்கிறார்கள்.

லெஸ்லி டேவிட்சன் என்று ஒரு தோட்டத்துரை. கேமரூனில் வேலை பார்த்தபோது, யாரும் தூள் அடிக்காமலேயே அங்கே மரங்கள் நன்றாகக் காய்ப்பதைக் கவனித்தவர். அவர் தூண்டித்தான் ரஹ்மான் சையத் என்ற பூச்சி ஆய்வாளர் கேமரூனுக்குப் போய், பூவுக்குப் பூ போகும் ஒரு சின்ன வண்டைக் கண்டுபிடித்தார். அது வேறு பயிரைத் தின்னுமா என்றெல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டு இங்கே கொண்டுவந்தார்கள். 1981 பிப்ரவரியில் தீபகற்ப மலேசியாவில் அதை முதன்முதலாகத் திறந்துவிட்ட இடம் எது தெரியுமா? மாமோர் தோட்டம். உங்கள் குளுவாங்கில்தான் இருக்கிறது. அங்கிருந்து பரவிய வண்டு நாடு முழுக்கத் தூள் அடிக்கும் வேலையை இல்லாமல் செய்துவிட்டது. பாட்டி வேலை செய்தது மாமோரிலா, பக்கத்துத் தோட்டத்திலா என்று நீங்கள் எழுதவில்லை. எங்கே இருந்தாலும் அந்த வருஷம் அவருக்கு ஞாபகம் இருக்கும்.

சண்டை நடக்கவில்லை என்கிறீர்கள். சரி. ஆனால் உலகச் செம்பனைத் தொழிலையே மாற்றிய ஒரு காரியம் உங்கள் வாசல்படியில் நடந்திருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்தவர், அதனால் வேலை மாறியவர், உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். இதைவிட என்ன கனம் வேண்டும்?

நல்ல வெயில் வந்த காலை நேரத்தில் ஒரு செம்பனை நிரைக்குப் போங்கள். விரிந்த ஆண் பூங்குலை ஒன்றைக் கண்டுபிடித்து முகத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். சோம்பு வாசனை அடிக்கும். பூ முழுக்கச் சின்னச் சின்னக் கறுப்பு வண்டுகள் ஊர்ந்துகொண்டிருக்கும். பழைய அரிசியைப் புடைக்கும்போது முறத்தில் ஓடுமே, அந்த அரிசி வண்டு அளவுதான். அந்தப் பூவிலேயே முட்டையிட்டு, அதிலேயே வளர்பவை அவை. பெண் பூவும் அதே மாதிரி வாசனையை விடுவதால் ஏமாந்து அங்கே போகும்போது உடம்பில் ஒட்டிய மகரந்தத்தைப் பூசிவிட்டுத் திரும்புகின்றன. கேமராவைப் பூவுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மேலேயிருந்து பார்த்தால் எல்லாச் செம்பனைத் தோட்டமும் ஒரே பச்சைப் பாய்தான். உங்கள் தோட்டம் எது என்று பாட்டிக்குக்கூடத் தெரியாது.

அப்புறம் பாட்டியைப் பேசவைப்பது. இதில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். என் அப்பா முப்பது வருடம் சிகாமட் பக்கம் பால் மரம் வெட்டியவர். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, "அந்தக் காலத்துக் கஷ்டம் எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டுக் கேட்டு இரண்டு மணிநேரம் பதிவு செய்தேன். "கஷ்டம்தாம்மா" என்றார். அவ்வளவுதான். கேமராவை மூடி வைத்துவிட்டு இருவரும் பசியாறினோம். திரும்பும் வழியில் ஒரு சிறுதோட்டத்துக் கித்தா (ரப்பர்) மரத்தருகே நின்றோம். அப்பா தானாகவே போய்ப் பட்டையைத் தடவினார். "இந்தா, மேல இடது பக்கம் ஆரம்பிச்சு கீழ வலது பக்கமா இறக்கணும். மாத்தி வெட்டினா பால் கொறஞ்சு போகும்" என்றார். வெற்றுக் கையில் கத்தி இருப்பதுபோல் பிடித்து, ஒரு காலை முன்னால் வைத்து, மரத்தைச் சுற்றிப் பின்னால் நகர்ந்துகொண்டே வெட்டிக் காட்டினார். பட்டைக்குள் பால் குழாய்கள் லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன, அப்படிச் சரித்து வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பாவின் கைக்கு அது முதலிலேயே தெரியும். மரத்தில் காயம் பட்டால் தண்டல் (மேற்பார்வையாளர்) எப்படிக் கத்துவார், மழை வந்தால் பால் பிடிக்கும் மங்கில் தண்ணீர் நிறைந்து எப்படிப் பால் வீணாகும், அம்மா என்னைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு எந்த நிரைக்கு ஓடிவருவார் என்று இருபது நிமிடம் பேசினார். கேமரா காரில் இருந்தது. அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

அதனால் பாட்டியிடம் மனசில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். கையில் எதையாவது கொடுங்கள். ஒரு பவுடர் டப்பா போதும். செம்பனை மரத்தடியில் நிறுத்தி, எப்படி அடித்தீர்கள் என்று காட்டச் சொல்லுங்கள். மட்டை முள் எங்கே குத்தியது, பாம்பு எங்கே சுருண்டிருந்தது, கூட யார் வந்தார்கள் எல்லாம் தானாக வரும்.

அவர் பேசும் தமிழை அப்படியே விடுங்கள். பெரட்டு, தீம்பார், காண்டா, ஒட்டுப்பால் என்று தோட்டத்துச் சொற்களை அவர் சொல்லும்போது, அதைத் திருத்தி ஒரு பின்னணிக் குரலில் மேடைத் தமிழாக்கிவிடாதீர்கள். 1946இல் அரசாங்கப் படப்பிரிவான மலாயன் பிலிம் யூனிட் தொடங்கிய காலத்திலிருந்து தோட்டம் திரையில் வந்துகொண்டுதான் இருக்கிறது. பெரும்பாலும் நம்மவர்கள் குனிந்து வேலை செய்வார்கள், அவர்களைப் பற்றி வேறொரு குரல் பேசும். உங்கள் படத்தில் அந்தக் குரல் வேண்டாம். புல்லாங்குழலும் வேண்டாம். மலாயில் துணைவரி போடுங்கள், ஊரே பார்க்கட்டும்.

சயாம் ரயில் எடுக்க வேண்டிய விஷயம்தான். 1942, 43இல் 415 கிலோமீட்டர் தண்டவாளத்துக்கு நம் தோட்டங்களிலிருந்து போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. ஆனால் அதை நேரில் பார்த்தவர்கள் இன்று அநேகமாக இல்லை. பாட்டியின் அப்பாவோ சித்தப்பாவோ போயிருந்தால் அந்தப் பேச்சும் இந்தப் படத்துக்குள்ளேயே வரும்.

லயத்தில் இப்போது இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள். அதே அடுப்படியில் அவர்கள் சமைக்கிறார்கள், அதே குழாயடியில் குளிக்கிறார்கள். பாட்டியை அங்கே அழைத்துப்போய் அவருடைய பழைய வீட்டுக் கதவைத் தட்டவையுங்கள். மலாயில் இரண்டு பக்கமும் பேசிக்கொள்வார்கள். எலியைப் பிடிப்பதற்காகச் செம்பனைக் காட்டில் பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்களே, அதைப் பற்றி அவர்களைக் கேளுங்கள். கூகை அலறினால் சாவு என்று நம் வீடுகளில் பயந்தோம், அவர்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க எனக்கே ஆசையாக இருக்கிறது. குளுவாங் என்ற பெயரே பெரிய பழந்தின்னி வௌவாலிடமிருந்து வந்தது. பாட்டி சிறு வயதில் அந்தி வானத்தில் அவை கூட்டமாகப் போவதைப் பார்த்திருக்கலாம், அதையும் கேட்டு வையுங்கள்.

தோட்டத்துக்குள் போக நிர்வாகத்தின் கடிதம் இல்லாமல் வாசல் காவலாளி விடமாட்டார், முதலிலேயே எழுதிப்போடுங்கள். எடுத்த காட்சிகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் பிரதி வையுங்கள்.

ஒரு உதவி. பெண் பூ மகரந்தத்தை ஏற்கும் நிலையில் இருப்பது இரண்டு மூன்று நாள்தான். அப்போது அதன் நுனி வெளிர் மஞ்சளாக இருக்கும், நேரம் தாண்டினால் சிவந்துவிடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. மட்டைகளுக்கு நடுவே, இருட்டில், கீழே நின்றுகொண்டு பாட்டி அதை எப்படிக் கண்டுபிடித்தார்? நிறத்தைப் பார்த்தா, வாசனையை வைத்தா? கேட்டு எனக்கு எழுதுங்கள். கேட்கும்போது கேமரா ஓடட்டும்.

அன்புடன்,
அக்கா