ஸ்டீயரிங்கில் ப்ளே: ராக்கை மாற்றும் முன்

கேள்வி: எட்டு வருடம் ஓடிய ஹேட்ச்பேக். ஸ்டீயரிங்கை நாலு விரல் அளவு திருப்பின பிறகுதான் சக்கரம் அசைகிறது. ராக் போய்விட்டது, முழுசாக மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். வண்டியைத் தூக்கிப் பார்த்துச் சொன்னாரா, உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை ஆட்டிப் பார்த்தே சொன்னாரா? ஸ்டீயரிங் திருப்பத்தைப் பக்கவாட்டு நகர்வாக மாற்றிச் சக்கரங்களுக்குக் கொடுக்கும் பல் வைத்த கம்பிதான் ராக். ஸ்டீயரிங் சாமான்களில் விலை கூடினது. கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியதும் அதுதான். சக்கரம் அசையாமல் ஸ்டீயரிங் மட்டும் ஆடும் வெறும் அசைவு, அதாவது ப்ளே, ஸ்டீயரிங் விளிம்பில் 30 மி.மீ. வரை இருக்கலாம் என்பது பல கார் மேனுவல்களில் உள்ள கணக்கு. உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது, சரி. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதை இரண்டு பேர் சேர்ந்தால் வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கலாம்.

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். பவர் ஸ்டீயரிங் என்றால் இன்ஜின் ஓடட்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சின்னதாக ஆட்ட, இன்னொருவர் முன்சக்கரத்துக்கு உள்பக்கம், ராக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடின் முனை ஜாயிண்டில் (டை ராட் எண்ட்) கை வைத்துப் பார்க்க வேண்டும். ராடு நகர்ந்தும் சக்கரம் நகரத் தாமதமானால் அந்த ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது. ராடே நகரத் தாமதமானால் கோளாறு ராடின் உள்பக்க ஜாயிண்டிலோ, ராக்கிலோ, அதற்கு மேலே ஸ்டீயரிங் ஷாஃப்டின் துண்டுகளை இணைக்கும் கிராஸ் ஜாயிண்டிலோ இருக்கிறது.

அடுத்து, இன்ஜினை நிறுத்திவிட்டு முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டு கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கை விட வேண்டாம். சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்து 3, 9 இருக்கும் இடங்களைப் பிடித்து ஆட்டுங்கள். அதில் மட்டும் ஆட்டம் என்றால் டை ராட், அதன் உள்பக்க ஜாயிண்ட், ராக். 12, 6 இடங்களிலும் ஆடினால் வீல் பேரிங் அல்லது சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயிண்ட். இந்த இரண்டில் எது என்று பார்க்க, உள்ளே இருப்பவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுபோனால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட்.

சின்ன தேய்வுதானே என்று விட்டுவிடவும் முடியாது. பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங் 15 டிகிரிக்குப் பக்கமாகத் திரும்பினால்தான் சக்கரம் 1 டிகிரி திரும்பும். ஜாயிண்டில் நூலளவு இடைவெளி விழுந்தாலும் உங்கள் கையில் அது சில சென்டிமீட்டராகத் தெரிவது இதனால்தான்.

கேள்வி: ராக்கை டைட் செய்தால் போதும், மாற்ற வேண்டாம் என்கிறார் இன்னொருவர். உண்மையா?

பதில்: பாதி உண்மை. ராக்கின் பல்லை, ஸ்டீயரிங் ஷாஃப்டின் நுனியில் உள்ள சின்னப் பல்சக்கரமான பினியனோடு அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங்கும், அதற்கு மேல் ஒரு அட்ஜஸ்டர் நட்டும் உண்டு. தேய்வு கொஞ்சம்தான் என்றால் அதைச் சிறிது முடுக்கினால் சரியாகும். ஆனால் பல் தேய்வது நடுப்பகுதியில்தான், நேராக ஓட்டுவதுதானே அதிகம். நடுவில் ப்ளே போகும்வரை முடுக்கினால் ஓரங்களில் இறுகிவிடும். அப்புறம் வளைவில் திருப்பின ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. முடுக்கிய பிறகு இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். எங்கேயாவது பிடித்தால் உடனே தளர்த்தச் சொல்லுங்கள். ராக்கின் இரண்டு முனையிலும் இருக்கும் ரப்பர் உறையையும் (பூட்) பாருங்கள். அது கிழிந்து மழைத் தண்ணீரும் சேறும் உள்ளே போயிருந்தால் டைட் செய்வதெல்லாம் வீண் வேலை.

கேள்வி: ப்ளே இல்லை. ஆனால் குண்டும் குழியுமான ரோட்டில் மட்டும் 'டக் டக்' என்று ஸ்டீயரிங்கில் அடிக்கிறது.

பதில்: ராக்கின் நைலான் புஷ், ஷாஃப்டின் கிராஸ் ஜாயிண்ட், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியைப் பிடிக்கும் ஸ்டெபிலைசர் லிங்க், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். லிங்க்தான் விலை குறைவு, கழற்றுவதும் சுலபம். அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

கேள்வி: மலைப்பாதையில் ஓடும் பழைய மாருதி ஜிப்ஸி. நேராகப் போகும்போதே ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியுமாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

பதில்: உங்கள் வண்டியில் ராக் கிடையாது. மூடிய பெட்டிக்குள் கியர் இருக்கும் ஸ்டீயரிங் பாக்ஸ் வகை. புது காரில் இருக்கும் துல்லியத்தை இதில் எதிர்பார்க்காதீர்கள். முதலில் பாக்ஸைச் சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்டுகள் இறுக்கமாக உள்ளனவா, பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க், டை ராட் இவற்றின் முனைகள் எப்படி என்று பாருங்கள். பிறகு முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங். சில வேகங்களில் முன்சக்கரம் படபடவென்று உதறினால் கிங்பின் மேல்தான் என் முதல் சந்தேகம். இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் பாக்ஸின் தலையில் உள்ள அட்ஜஸ்டிங் ஸ்குரூவுக்குப் போங்கள். சக்கரத்தை நேராக வைத்து, லாக் நட்டைத் தளர்த்தி, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. பலர் செய்வது தலைகீழ்: ஸ்குரூவை முதலில் முடுக்கி, நல்ல பாக்ஸைக் கெடுத்துவிடுகிறார்கள்.

கேள்வி: ஹைவேயில் 80க்கு மேல் போனால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. லூஸா?

பதில்: இல்லை. வீல் பேலன்சிங். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பாருங்கள்.

கேள்வி: டை ராட் எண்ட் இரண்டும் மாற்றியாயிற்று, ஆட்டம் போய்விட்டது. இப்போது நேராகப் போகும்போது ஸ்டீயரிங் வலதுபக்கம் சாய்ந்து நிற்கிறது. ஸ்டீயரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டலாம் என்கிறார்கள்.

பதில்: கழற்ற விடாதீர்கள். உள்ளே ஏர்பேக்கும் அதற்கான சுருள் வயரும் இருக்கின்றன. புது எண்ட் பழைய நீளத்தில் மாட்டப்படவில்லை, அவ்வளவுதான். ஸ்டீயரிங்கை நேராக லாக் செய்து, இரண்டு பக்க டை ராடையும் திருத்தி அலைன்மெண்ட் செய்தால் சரியாகும். எண்ட் மாற்றினால் அலைன்மெண்ட் செய்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் டயர் ஓரம் சீக்கிரமே மொட்டையாகும். நட் கழலாமல் தடுக்கும் கோட்டர் பின் போடும் வகை என்றால் புதுப் பின் போட்டார்களா என்றும் எட்டிப் பாருங்கள். பழையதையே நிமிர்த்தி மாட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கேள்வி: சனிக்கிழமை குடும்பத்தோடு வெளியூர் போக வேண்டும். நேற்றிலிருந்து ப்ளே திடீரென்று அதிகமாகிவிட்டது. போய் வந்து பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. மெதுவாகத் தேய்வது வேறு, ஒரே நாளில் கூடுவது வேறு. நட் கழன்றிருக்கலாம், பால் ஜாயிண்ட் பிடுங்கிக்கொண்டு வரும் நிலையில் இருக்கலாம். ஒர்க்‌ஷாப்புக்கும் ஓட்டிக்கொண்டு போகாமல் டோ வண்டியை வரவழையுங்கள்.