தீர்ப்பு இல்லாத வழக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழங்கால கிரேக்க, ரோமத் தத்துவ மரபினரான ஸ்டோயிக்குகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மூன்று மாதமாக இரவில் நாட்குறிப்பு எழுதுகிறேன். படுத்தபடியே செல்பேசியில் அன்றைய தவறுகளை ஒன்றுவிடாமல் பட்டியல் போடுவேன். ஏழெட்டு தேறும். பெரும்பாலும் கோபம்தான், மகனிடம், அலுவலகத்தில், வண்டி ஓட்டும்போது. எழுதி முடித்ததும் மனம் கனத்துவிடுகிறது. இரவு ஒரு மணிவரை தூக்கமில்லை. மறுநாளும் அதே கத்தல். நிறுத்திவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நிறுத்த வேண்டாம். ஆனால் செய்யும் முறையை இன்றிரவே மாற்றுங்கள்.

இந்தப் பழக்கத்தை ரோம ஸ்டோயிக் தத்துவவாதி செனகா தன் 'கோபம் பற்றி' நூலின் மூன்றாம் பகுதி, 36ஆம் அத்தியாயத்தில் சொல்கிறார். விளக்கை அணைத்தாயிற்று. வழக்கம் தெரிந்த மனைவியும் பேச்சை நிறுத்திவிட்டாள். அந்த இருட்டில் பகல் முழுவதையும் ஒருமுறை திரும்பப் பார்க்கிறார். தன் வழக்கைத் தன் முன்னாலேயே வாதாடுவதாகச் சொல்கிறார். எதையும் மறைப்பதில்லை, 'இனி இதைச் செய்யாதே, இம்முறை மன்னிக்கிறேன்' என்று சொல்லிக்கொள்ள முடிகிறபோது எதற்கு மறைக்க வேண்டும் என்று கேட்கிறார். இதன்பின் வரும் தூக்கம் அமைதியானது, ஆழமானது என்பதும் அதே அத்தியாயத்தில் இருக்கிறது.

நீங்கள் குற்றப்பத்திரிகையை வாசித்துவிட்டு எழுந்துவிடுகிறீர்கள். தீர்ப்பு வராத வழக்கு விடியும்வரை மண்டைக்குள் நடக்கத்தான் செய்யும். முறை சரியாக இருக்கிறதா என்பதைத் தூக்கத்தை வைத்தே சோதித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. செனகாவுக்கு இதில் முன்னோடி, அவருக்கு முந்தைய ரோமத் தத்துவவாதி செக்ஸ்டியஸ். அவர் தினமும் தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்விகள் மூன்று: இன்று உன் எந்தக் குறையைக் குணப்படுத்தினாய்? எந்தத் தீய குணத்தை எதிர்த்து நின்றாய்? எந்த விதத்தில் மேம்பட்டாய்? கவனியுங்கள், மூன்றுமே வரவைக் கேட்கின்றன. உங்கள் கணக்கில் செலவுப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. சாலையில் ஒருவன் குறுக்கே வந்தபோது வாயை மூடிக்கொண்டு போன நாளும் இருந்திருக்கும். அதுவும் பதிவாக வேண்டும்.

சரி, எப்படிச் செய்வது? படுக்கையில் வேண்டாம். படுப்பதற்கு அரைமணி முன்னால் நாற்காலியில் உட்காருங்கள், பத்து நிமிடம் போதும். செல்பேசியைத் தள்ளி வைத்துவிட்டுத் தாளில் எழுதுங்கள். செனகா எல்லாவற்றையும் மனதில்தான் ஓட்டிப் பார்த்தார். தொடக்கத்தில் தாள் நல்லது, ஏனென்றால் எழுதியதற்கு ஓர் எல்லை உண்டு. முதலில் வரவு, ஒன்றாவது. பிறகு தவறு, இரண்டுக்கு மேல் கூடாது. ஏழு தவறை ஒரே இரவில் யாராலும் திருத்த முடியாது; சுமக்கத்தான் முடியும்.

தவறை எழுதும் விதத்தில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். 'நான் கோபக்காரன்' என்பது வசவு, அதில் திருத்துவதற்கு எதுவும் இல்லை. செனகா எப்படிச் சொல்லிக்கொள்கிறார் பாருங்கள்: அந்த மனிதனை அளவுக்கு மீறிக் கண்டித்தாய், அதனால் அவன் திருந்தவில்லை, புண்பட்டான், இனிமேல் சொல்வது உண்மையா என்பதோடு கேட்பவனால் அதைத் தாங்க முடியுமா என்றும் பார். நடந்தது, அதன் விளைவு, அடுத்த முறைக்கு ஒன்று. அவ்வளவுதான். உங்களுக்கு இப்படி வரலாம்: 'வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்று மகனைக் கத்தினேன். அவன் பேசுவதையே நிறுத்திவிட்டான். இனி வீட்டுக்குள் நுழைந்ததும் அதைக் கேட்க மாட்டேன், சாப்பிட்ட பிறகு கேட்பேன்.' கீழே 'இம்முறை மன்னித்தேன்' என்று எழுதி மடித்து வையுங்கள். அந்த வரியைச் சம்பிரதாயம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். வழக்கை முடித்துவைப்பது அதுதான்.

இரண்டு வாரம் இப்படிச் செய்தும் தூக்கம் திரும்பவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். அது தத்துவத்தால் ஆறுகிற விஷயமாக இல்லாமல் இருக்கலாம்.

தன்னையே குற்றம் சொல்வதை ஸ்டோயிக்குகள் பாதி வழி என்றுதான் கருதினார்கள். இன்னொரு ஸ்டோயிக்கான எபிக்டெட்டஸின் கைநூலில் ஐந்தாம் பகுதி: தன் துன்பத்துக்குப் பிறரைக் குறை சொல்பவன் கல்லாதவன், தன்னைக் குறை சொல்பவன் கற்கத் தொடங்கியவன், கற்று முடித்தவன் பிறரையும் சொல்வதில்லை, தன்னையும் சொல்வதில்லை. நீங்கள் இரண்டாம் படியில் இருக்கிறீர்கள். அங்கே நிற்பது வலிக்கும், ஆனால் முதல் படியைத் தாண்டியாயிற்று.

'மறுநாளும் அதே கத்தல்' என்கிறீர்களே, அதற்கும் எபிக்டெட்டஸிடம் ஒரு கணக்கு இருக்கிறது. கோபப்படாத நாட்களை எண்ணச் சொல்கிறார். முன்பு தினமும் கோபம் வந்தது, பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை, பிறகு மூன்று, நான்கு. முப்பது நாள் கடந்துவிட்டால் கடவுளுக்குப் பலி கொடு என்கிறார். இதை இன்றைய செயலிகள் செய்வதுபோல ஒருநாள் தவறியதும் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும் எண்ணிக்கையாக வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு கோபங்களுக்கு நடுவே எத்தனை நாள் என்று மட்டும் நாட்காட்டியில் குறியுங்கள். இப்போது அது ஒன்று. அது இரண்டாகும்போது எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.