மெயின் ரோட்டைத் தாண்டித்தான் பள்ளி: சைக்கிளில் அனுப்பலாமா?

கேள்வி: திருச்சி புறநகரில் இருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. பள்ளி ஒன்றேகால் கிலோமீட்டர்தான். இருவரையும் அவர்கள் அப்பா பைக்கில் கொண்டுபோய் விடுகிறார். மகள் சைக்கிள் கேட்கிறாள். ஆனால் நடுவில் ஒரு மெயின் ரோட்டைத் தாண்ட வேண்டும். "பொட்டப்புள்ளைய தனியா ரோட்டுல விடுவியா?" என்று மாமியார் பயப்படுகிறார். எந்த வயதில் அனுப்பலாம்? எப்படித் தொடங்குவது?

பதில்: தாராளமாக அனுப்பலாம். ஆனால் நாளைக்கே வேண்டாம், ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றேகால் கிலோமீட்டரை உங்கள் மகன் இருபது நிமிடத்தில் நடந்துவிடுவான். போக வர நாற்பது நிமிடம். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொஞ்சம் வீசி நடந்தால் அதில் பெரும்பகுதி பள்ளிக்கூட வழியிலேயே முடிந்துவிடும்.

வயதைக் கேட்கிறீர்கள். நான் முதலில் பார்ப்பது அந்த மெயின் ரோட்டைத்தான். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று பார்ப்பார்கள், எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைச் சரியாகக் கணிக்க அவர்களுக்கு வராது. அதனால் உங்கள் மகன் அந்தச் சாலையை இப்போதைக்குப் பெரியவர் துணையோடுதான் தாண்ட வேண்டும். அந்தப் பொறுப்பை அக்காவின் தலையில் கட்டாதீர்கள். தம்பியை கேரியரில் உட்கார வைத்து டபுள்ஸ் அழைத்துப் போவதும் கூடாது.

மகளுக்கு அந்தக் கணிப்பைக் கற்றுக்கொடுக்கலாம். வழக்கமாக நாம் என்ன செய்கிறோம்? பிள்ளையின் கையைப் பிடித்து, "வா வா" என்று இழுத்துக்கொண்டு ஓடுகிறோம். எப்போது இறங்கலாம் என்று முடிவெடுப்பது நாம். பிள்ளைக்கு அதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. இதை மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் நடந்தே போய்ச் சாலையோரம் நில்லுங்கள். ஏழு மீட்டர் அகலச் சாலையைப் பிள்ளை நிதானமாகத் தாண்ட ஏழு விநாடி ஆகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ் அந்த ஏழு விநாடியில் கிட்டத்தட்ட 100 மீட்டர் வந்துவிடும். அந்த 100 மீட்டரைக் காலாலேயே அளந்து, அங்கே இருக்கும் ஒரு கம்பத்தையோ கடையையோ அடையாளம் வையுங்கள். அந்த அடையாளத்துக்கு இந்தப் பக்கம் எந்த வண்டி வந்தாலும் இறங்கக் கூடாது. வண்டிகள் பறக்கிற சாலை என்றால் 150 மீட்டராக வையுங்கள். எதிர்ப்பக்கத்துக்கும் இதே மாதிரி ஓர் அடையாளம் வேண்டும்.

அப்புறம் நீங்கள் வாயைத் திறக்கவே கூடாது. "இப்ப போலாம்மா" என்று அவள் சொல்லட்டும். தவறாகச் சொன்னால் மட்டும் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அடுத்த வாரம் பள்ளி நேரத்து நெரிசலில் செய்யுங்கள். தொடர்ந்து பத்து நாள் ஒரு தடவைகூட நீங்கள் தடுக்க வேண்டி வரவில்லை என்றால் அவள் தயார்.

சைக்கிளிலும் அந்தச் சாலையை மிதித்துக்கொண்டு தாண்ட வேண்டாம். இறங்கி, தள்ளிக்கொண்டு, நடந்து தாண்டட்டும். பிள்ளைகள் குழம்புகிற இடம் ஒன்று உண்டு: நடைபாதை இல்லாத சாலையில் நடப்பவர் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி போக வேண்டும். சைக்கிளில் போகிறவர் இடது ஓரமாக, வண்டிகள் போகும் திசையிலேயே போக வேண்டும். திரும்புகிற லாரி, பஸ்ஸின் இடதுபக்கச் சந்தில் நுழையவே கூடாது, ஓட்டுநர் கண்ணுக்கு அந்த இடம் தெரியாது.

"வளர்ற புள்ளைதானே" என்று பெரிய சைக்கிள் வாங்கிவிடாதீர்கள். சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலின் முன்பாதமும் தரையில் பட வேண்டும். பிரேக் பிடிக்க விரல் எட்டுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். செயின் கவர், பெல், பின்னால் ரிஃப்ளெக்டர், தலைக்கு ஹெல்மெட் கட்டாயம். பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடக் கூடாது, கேரியரில் கட்ட வேண்டும். பள்ளிப் பை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. தம்பி நடப்பதற்கும் இதே கணக்குதான்.

தம்பிக்குத் தெருவிலேயே துணை கிடைக்கும். அதே பள்ளிக்குப் போகும் நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்து, ஒரு நாள் நீங்கள், மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் என்று முறை வைத்து நடத்திக் கூட்டிப்போங்கள். ஜப்பானில் பல ஊர்களில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் இப்படிக் கூட்டமாகத்தான் நடந்து போகிறார்கள். தெருநாய் பயத்துக்கும் கூட்டம்தான் நல்லது. நாய் குரைத்தால் ஓடக் கூடாது. சைக்கிளில் இருந்தால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நகர வேண்டும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஊசிக்குப் போக வேண்டும்.

மாமியாரின் பயத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். அவருக்கு உங்கள் பக்கத்து மாவட்டத்துக் கதையை நினைவுபடுத்துங்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். குவாரியில் வேலை செய்தவர்களும் விவசாயக் கூலிகளும் அதில் இருந்தார்கள். அவர்களில் பலருக்கு இப்போது உங்கள் மாமியார் வயதுதான் இருக்கும். இன்னொன்றும் செய்யுங்கள்: வழியில் தெரிந்த இரண்டு கடைக்காரர்களிடம் மகளை அறிமுகப்படுத்தி, "ஏதாவது என்றால் இங்கே நின்றுவிடு" என்று சொல்லி வையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் அவளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

தனியாகப் போகிற முதல் வாரம் நீங்கள் கொஞ்ச தூரம் பின்னால் போகலாம். அவளுக்குத் தெரிந்தே போங்கள், ஒளிந்து போக வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நின்றால் திறந்த சாக்கடை கண்ணுக்குத் தெரியாது. அந்த நாட்களில் மட்டும் அப்பாவின் பைக் போதும், பிள்ளைகள் தலையிலும் ஹெல்மெட்டோடு.